சுறா எண்ணெய் பூசிய சைக்கிள்

எங்கள் கரைக்கு முதன்முதலாக வந்த ஸ்கூட்டர் மொத்தம் நாலு அடி தூரம்தான் ஓடியது. மோட்டார் ஸ்கூட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பலகை, இரண்டு சின்னச் சில்லு, பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி. பிள்ளைகள் ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலால் நிலத்தை உந்தி ஓட்டுகிற சாமான். கடைகளில் வெளிநாட்டுப் பொருட்கள் வந்து குவியத் தொடங்கியிருந்த காலம் அது. கொழும்புக்குப் போன எங்கள் கரைவலை முதலாளி அதை ஒரு கடைக் கண்ணாடிக்குள் கண்டு மயங்கி, தன் கடைசி மகனுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊரே கூடி நின்று பார்த்தது. பையன் வாசல் சீமெந்தில் ஏறி நின்று ஓங்கி ஓர் உந்து உந்தினான். சீமெந்து முடிந்த இடத்தில் சில்லு மணலுக்குள் புதைந்து நின்றுவிட்டது, பையன் நிற்கவில்லை. மூக்கில் மணலோடு எழும்பி வந்தான். முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். ஊர் முழுக்க மணல் என்பது அந்த மனுசனுக்கு அதுவரை தெரியாது போல.

அன்றைக்குச் சிரித்தவர்களில் என் சத்தம்தான் பெரியது. பிள்ளைக்கு ஒரு வண்டி தெரிவு செய்ய இவ்வளவு கூடவா தெரியாது என்று ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

எங்கள் கரை திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, சல்லி என்கிற ஊரையும் தாண்டி இருந்தது. நாற்பது வீடு இருக்கும். என் கணவர் கரைவலையில் பங்குக்காரர். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஒரு மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அதிகம் பேச மாட்டாள். பேச்சு முழுவதையும் நான் எடுத்துக்கொண்டு அவளுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று என் கணவர் பகிடி பண்ணுவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பட்டினத்துக்குத்தான் போக வேண்டும். காலையில் ஒரு பஸ் உண்டு. அது நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஆகவே எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளெல்லாம் கருவாட்டுப் பாயோடு வந்து குந்திவிடுவார்கள். நானும் அப்படிக் குந்தினவள்தான், ஐந்தாம் வகுப்போடு. என்னை மறித்த நாளில் நான் அழவில்லை. அந்தக் கோபம் அப்படியே அடிவயிற்றில் தங்கிவிட்டது.

என் மகளை மறிக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தது அவள் பிறந்த அன்றே. அதற்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. எங்கள் கரையில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. ஆண்களின் பெரிய சைக்கிள்கள், பின் கரியரில் மீன் பெட்டி கட்டிக் கட்டி வளைந்தவை. பொடியன்கள் பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு ஓடிப் பழகுவார்கள். பெண் பிள்ளை ஓடி யாரும் கண்டதில்லை. பக்கத்து வளவில் இருந்த என் கணவரின் மூத்த அக்கா, நான் மச்சாள் என்று கூப்பிடுபவர், கதையைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார். இன்னும் ஒரு வருசத்தில் பெரிய பிள்ளையாகப் போகிறவளைச் சைக்கிளில் ஏற்றித் தெருத்தெருவாக விடப்போகிறாயோ, விழுந்து எங்கேயாவது முறிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பு என்றேன். வாய் இருக்கிறதே என்று சொன்னதுதான்.

மார்கழியில் வலையில் ஒரு நல்ல பாடு விழுந்து கையில் காசு வந்ததும் மூன்று பேருமாகப் பட்டினத்துக்குப் போனோம். சந்தைக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் கிண்ணியா ஆள், நாளாந்தம் துறை கடந்து வந்து போகிறவர், அண்ணன் முறைக்கு நாங்கள் நாநா என்போம். கடைக்குள் நுழைந்த உடனேயே எனக்குத் தலை சுற்றியது. கூரையிலிருந்து சைக்கிள்கள் தொங்கின. மூன்று சில்லு வண்டிகள், கொம்பு மாதிரி ஹான்டில் உயர்ந்து நின்றவை, வாழைப்பழ வடிவத்தில் சீற் வைத்தவை. மூலையில் நம்முடைய முதலாளி வாங்கின ஸ்கூட்டரும் நின்றது. அதைக் கண்டு நான் மறுபடி சிரித்தேன்.

மகள் ஒரு சிவப்புச் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாய் திறந்து கேட்கவில்லை. ஹான்டில், மட்காட், சில்லுக் கம்பி எல்லாம் நிக்கல் பூசிப் பளபளத்தது. அதற்குள் என் கணவர் ஒரு பெரிய கறுப்புச் சைக்கிளை வெளியே இழுத்துவிட்டார். ஆம்பிளைச் சைக்கிள். அவள் வளர்ந்துவிடுவாள்தானே, காலையில் போகும்போது பின்னால் ஒரு மீன் பெட்டியும் கட்டிவிடலாம் என்றார். சீற் அவள் நெஞ்சு மட்டத்துக்கு நின்றது. கடை நடுவில் வைத்தே சண்டை தொடங்கினேன். நாநா மேசைக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்து, என் கணவரைப் பார்த்து அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, புள்ளைக்கு எடுக்கிறீங்களா, மீனுக்கு எடுக்கிறீங்களா?"

என் கணவர் சைக்கிளை இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டார்.

பிறகு தெரிவு முழுவதும் நாநாவின் கையில். மகளைச் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறுத்தி, சீற் இடுப்புக்கு மேலே வருகிறதா என்று பார்த்தார். ஏறி இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும் என்றார். மெல்லிய ரயர் மணலில் புதையும், அகலமானது வேண்டும் என்றார். செயினை முழுதாக மூடுகிற தகரம் வேண்டாம், உள்ளே மணல் போனால் எடுக்க முடியாது என்றார். சிவப்புச் சைக்கிளைக் காட்டி, கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு நிக்கல் சரிவராது, மூன்று மாதத்தில் கடல் காற்று தின்றுவிடும் என்றார். கடைசியில் ஒரு கரும்பச்சைப் பெண்கள் சைக்கிள் வெளியே வந்தது. சில்லு, மட்காட் எல்லாம் பெயின்ட். மகள் அதைக் கண்டதும் சிவப்பை மறந்துவிட்டாள். நானும் அசந்துதான் போனேன். மீன் தெரிவு செய்கிற மாதிரி இந்த மனுசன் பிள்ளைக்குச் சைக்கிள் தெரிவு செய்கிறாரே என்று. வெளிக்கிடும்போது, எண்ணெய் மட்டும் காட்டிக்கொண்டே இருங்கள், தவறவிட்டால் இதுவும் போய்விடும் என்றார்.

எண்ணெய் விசயம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கரையில் உப்புக் காற்றுக்கு ஒரே ஒரு மருந்துதான். சுறா ஈரலைச் சட்டியில் போட்டு வெயிலில் உருக்கி எடுக்கிற எண்ணெய். வள்ளத்துப் பலகைக்கு அதுதான், நங்கூரத்துக்கு அதுதான், கத்திக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் அதுதான். இரும்பு என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அன்றைக்கே அதற்கு எண்ணெய் காட்டுவது எங்கள் வழக்கம். அதிலும் நான் எதைச் செய்தாலும் ஒரு சுற்றுக் கூடத்தான் செய்வேன்.

மகள் சைக்கிள் பழகியது கடலோரம். அலை வந்து போகிற ஈர மணல் தார் ரோட்டு மாதிரி இறுகிக் கிடக்கும். விடிந்ததும் தகப்பன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, அவள் மிதிப்பாள். வலை இழுக்கிறவர்கள் இழுவையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு தரம் அலைக்குள்ளேயே சைக்கிளோடு விழுந்தாள். புதுச் சைக்கிள் உப்புத் தண்ணீர் குடித்ததைக் கண்டு எனக்கு நெஞ்சு பதறியது. பிள்ளையைத் தூக்க முதல் சைக்கிளைத் தூக்கினேன். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, பழைய சாரத் துண்டு ஒன்றை எண்ணெயில் நனைத்துத் தலை முதல் கால் வரை பூசினேன். அன்றிலிருந்து, அவள் அதில் பட்டினத்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகும், ஒவ்வொரு பின்னேரமும் அவள் வந்து சைக்கிளை விட்டதும் எனக்கு அதுதான் வேலை. ஹான்டில், பார், மட்காட், கம்பி கம்பியாகச் சில்லு, சில்லைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையமான றிம்மின் உள்பக்கம் வெளிப்பக்கம், ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் கரையிலேயே துரு ஏறாத ஒரே சைக்கிள் என் மகளுடையது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவேன்.

மணத்துக்குக் குறைவில்லை. சைக்கிள் நிற்கிற இடத்தைச் சுற்றி ஊர்ப் பூனைகள் எல்லாம் கூடிவிடும். ஒரு சாம்பல் பூனை பெடலை நக்கிக்கொண்டே படுத்திருக்கும். பட்டினத்துப் பள்ளிக்கூடத்திலும் பூனைகள் வந்ததாம், பிள்ளைகள் சிரித்தார்களாம். இதை மகள் எனக்குச் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய செருப்பு. வாங்கி மூன்று கிழமையில் அடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. சைக்கிளில் போகிறவளுக்குச் செருப்பு எப்படித் தேயும், நீ என்ன குதிரையா என்று ஏசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து, அதற்கும் சேர்த்து ஏசினேன்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அவள் வகுப்பில் நன்றாகச் செய்கிறாள் என்று கேள்விப்பட்டோம். கணக்கு மட்டும் கொஞ்சம் பின்னுக்கு நின்றது. சனிக்கிழமைகளில் உவர்மலையில் ஒரு ஆசிரியை வீட்டில் கணக்குப் படிக்க ஒழுங்கு செய்தோம். உவர்மலை என்றால் பெயருக்கு ஏற்ற மேடு. மேலே வீடுகள், அங்கிருந்து ரோட்டு இறங்கித் துறைமுகத்துப் பக்கம் முடியும். ஏறும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போ என்று சொன்னது நினைவிருக்கிறது. இறங்குவதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடு பள்ளம் இல்லாத மணலில் பிறந்து வளர்ந்த எனக்கு இறக்கம் என்று ஒன்று யோசனையில் வரவே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் நான் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டினத்திலிருந்து ஐஸ் ஏற்றி வருகிற லொறி வழக்கமாக முதலாளியின் மீன் கொட்டிலான வாடியடியில் நிற்கும். அன்றைக்கு எங்கள் வேலிக்கு முன்னால் வந்து நின்றது. சாரதி இறங்கி என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"அக்கா, பதறாதேங்கோ. பிள்ளை ஆஸ்பத்திரியில."

கையில் செதிலோடு, உடுத்த சேலையோடு லொறியில் ஏறினேன். கணவர் வலையடியிலிருந்து ஓடிவந்து ஐஸ் பெட்டிகளுக்கு மேல் தொற்றிக்கொண்டார். வழியெல்லாம் சாரதி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

உதட்டுக்குக் கீழே நாடியில் தையல் போட்டிருந்தார்கள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முகம் ஒரு பக்கம் வீங்கி, அவள்தானா என்று தெரியவில்லை. நடந்ததைக் கண்ணால் கண்டு கூடவே வந்திருந்த ஒரு அம்மா சொன்னார். உவர்மலை இறக்கத்தில் பிள்ளை வேகமாக வந்தாளாம். கீழே மூதூர் போகிற லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்ற சனம், கூடைகளும் கைக்குழந்தைகளுமாக. பிள்ளை விலகுங்கோ விலகுங்கோ என்று கத்தினாளாம். யாரும் விலகவில்லையாம். கடைசி நேரத்தில் ஹான்டிலைத் திருப்பி, ஓரத்தில் கிடந்த விறகுக் குவியலுக்குள் நேராகச் செருகினாளாம். சனத்துக்குள் போகாமல் தான் விழுந்துகொண்டாள் என்று சொல்லி அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகையே வரவில்லை. மகள் கண்ணைத் திறந்தாள். வலிக்குதா என்று கேட்டேன்.

"அம்மா, சைக்கிளுக்கு என்னமும் நடந்ததோ?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சைக்கிளாம் சைக்கிள் என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் தகப்பனிடம் சொல்லியிருந்தாள். அது போதும் எங்களுக்கு. பிரேக் இல்லாத சைக்கிளைத் தலையில் கட்டிவிட்டானே, இனிக்க இனிக்கக் கதைத்தானே என்று எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. திங்கட்கிழமை நாங்கள் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். முன்சில்லு கொஞ்சம் வளைந்திருந்ததே தவிர வேறு பழுதில்லை. ரோட்டிலேயே தொடங்கிவிட்டேன். சனம் கூடியது. பிள்ளையின் நாடியில் எத்தனை தையல் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் நாநா கேட்டார். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக்கை அமத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் ரப்பர்க் கட்டை ஒழுங்காக வந்து றிம்மைத் தொட்டது. சில்லைக் கையால் சுற்றிவிட்டு மறுபடி அமத்தினார். ரப்பர் பட்டும் சில்லு தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் றிம்மில் விரலை ஓட்டினார். விரலை மூக்கடியில் பிடித்தார்.

"தங்கச்சி, இதுல என்னத்தைப் பூசினீங்க?"

"சுறா எண்ணெய்" என்றேன். "ஒரு நாளும் தவறவிடேல்லை, நாநா."

"றிம்முக்குமா?"

"முழுக்க."

அவர் அந்த விரலைத் துணியில் துடைத்தார்.

"பிரேக் புடிக்கிற இடமே அதுதான். நான் செயினுக்குச் சொன்னேன், தங்கச்சி."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கூடி நின்ற சனம் என்னைப் பார்த்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். என் கையால், ஒவ்வொரு பின்னேரமும், ஆசை ஆசையாக, துணியை நனைத்து நனைத்துப் பூசியிருக்கிறேன். நாநா மண்ணெண்ணெய் விட்டுச் சவர்க்காரம் போட்டு இரண்டு றிம்மையும் கழுவினார், கட்டைகளைப் புதிதாக மாற்றினார், சில்லை நேராக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வராமல் நின்றேன். வாய்க்குப் பேர்போனவள் நான்.

திரும்பி வருகிற வழியில், சாம்பல்தீவு தாண்டினதும் என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். சைக்கிளில பிழை எண்டே ஊர் நினைக்கட்டும்."

என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். நான் தலையாட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்னை நம்ப முடியவில்லை. தலையாட்டினேன்.

ஏனென்றால் அதன் விலை என்னவென்று அன்றைக்கு இரவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பிள்ளையின் கட்டிலடியில் மச்சாள் வந்து இருந்தார். அப்போதே சொன்னேன், கேட்டாயா, கடவுள் ஒரு கையோடு விட்டது பெரிய காரியம், இனி இந்த விளையாட்டு வேண்டாம், எட்டு வரை படித்தது காணும் என்றார். என் கணவர் ஓம் என்றார். பிழை சைக்கிளில் என்றால் சைக்கிள் வேண்டாம். சைக்கிள் வேண்டாம் என்றால் பள்ளிக்கூடம் வேண்டாம். நேர் கணக்கு. என்னிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் எல்லாம் மாறும். நான் அடுப்படிக்குப் போய்ச் சட்டி கழுவினேன். அன்று சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. மச்சாள் எங்கள் வளவில் கருவாட்டுக்கு இன்னொரு பாய் விரிக்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் அவளால் பின்ன முடியாது. முகம் அந்தப் பக்கம் இருந்ததால் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. பிரேக் எப்போதிருந்து பிடிக்கவில்லை என்று கேட்டேன். துவக்கத்திலிருந்தே என்றாள். சீப்பு நின்றது. துவக்கத்திலிருந்தே என்றால் இரண்டு மாதம். இரண்டு மாதமாகவா என்றேன். ஓம் என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எண்ணெய்தான் காரணம் என்றும் தெரிந்திருந்தது. காலையில் கடைசி வீடு தாண்டினதும் இறங்கி, மணலும் துணியுமாக றிம்மைத் தேய்த்துவிட்டுத்தான் ஏறுவாளாம். எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது, பிறகு காலை நிலத்தில் உரசி உரசி நிற்பாட்டுவாளாம். பின்னேரம் நான் புதிதாகப் பூசிவிடுவேன். அவள் தேய்க்க, நான் பூச, அவள் தேய்க்க, நான் பூச. அந்தச் சனிக்கிழமை காலையில் நேரம் போய்விட்டது என்று தேய்க்கவில்லை.

செருப்பு என் கண் முன்னே வந்தது.

"எனக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னனான், அம்மா."

"எப்ப?"

"ரெண்டாம் கிழமை. எண்ணெய் போதும், பிரேக் வழுக்குது எண்டனான். இன்னொருக்கா வாய் காட்டினா சைக்கிளை வித்துப்போட்டு என்னைக் கருவாடு காயப்போட விடுவன் எண்டனீங்கள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நேற்று என்ன கறி என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். நான் எவ்வளவு யோசித்தும் அப்படிச் சொன்னது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். நாளைக்குப் பத்துத் தரம் அப்படி ஏதாவது சொல்லுகிறவள்தான் நான். வித்துப்போடுவேன், முறித்துப்போடுவேன், கடலில் எறிந்துபோடுவேன். சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் சோறு போட்டுக் கொடுப்பேன். அந்தப் பிள்ளை அதை நம்பியிருக்கிறது. பிரேக்கா, பள்ளிக்கூடமா என்று வந்தபோது பதின்மூன்று வயதில் தனியாக யோசித்து, பிரேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்து, இரண்டு மாதம் பட்டினத்து ரோட்டில், பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் போய் வந்திருக்கிறது. நான் வீட்டிலிருந்து பெருமை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை மறித்தவர்களை நான் முப்பது வருசமாக மனதுக்குள் ஏசினேன். என் பிள்ளை பயந்தது என்னை.

அரைகுறையாகப் பின்னின தலையோடு அவளை விட்டுவிட்டு மச்சாளின் வளவுக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். சைக்கிளில் பிழையில்லை, பிள்ளையில் பிழையில்லை, பிரேக்குக்கு எண்ணெய் பூசினது நான், பிள்ளை சொன்னபோது வாயை அடைத்ததும் நான், தெரிந்த பிறகு நாலு நாள் ஒளித்ததும் நான் என்றேன். கத்திகள் நின்றன. மச்சாள் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பேயடித்த மாதிரி இருந்தார். பிறகு மெல்ல, தன் இளைய மகனின் சைக்கிளுக்கும் அப்படித்தான் பூசுவதாகச் சொன்னார், றிம் எல்லாம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழும்பினாள். அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் கரைச் சைக்கிள்கள் எல்லாம் கிணற்றடியில் நின்றன.

அதற்குப் பிறகு அவளை மறிக்க யாருக்கும் ஒரு நியாயமும் இருக்கவில்லை. கட்டு அவிழ்க்கும் வரை பஸ் வந்த நாளில் பஸ்ஸிலும், வராத நாளில் தகப்பனின் சைக்கிள் பாரிலும் போய் வந்தாள். கட்டு அவிழ்த்து, மணிக்கட்டுக்குப் பலம் வந்து, ஒரு திங்கட்கிழமை காலை மறுபடி தன் சைக்கிளை வெளியே எடுத்தாள். இரண்டு பிரேக்கையும் அமத்திப் பார்த்தாள். முன்னுக்குத் தள்ளிப் பார்த்தாள், பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். சைக்கிள் அசையவில்லை. நாடியில் தையல் தழும்போடு போய்விட்டாள்.

பின்னேரம் வந்ததும் நான் ஒரு சுத்தமான துணியை எடுத்துக்கொண்டு போனேன். எண்ணெய் இல்லை, வெறுந் துணி. வழிப் புழுதியைத் துடைத்துவிடலாம் என்றுதான். சைக்கிளில் கை வைக்க முதல் அவள் இடையில் வந்து நின்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"நீங்கள் விடுங்கோ அம்மா. நான் பாக்கிறன்."

துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் பத்தாம் வகுப்பு முடித்து, அதற்கு மேலும் படித்து, அந்தச் சைக்கிளிலேயே வேலைக்கும் போனாள். அவ்வளவு வருசத்திலும் அதை ஒரு தடவை கூட என்னைத் தொடவிடவில்லை.